மேடைக்கு வராத வேட்பாளர்

2023 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக விரும்பிய எட்டுப் பேர் விவாத மேடையேறினர். முன்னணியில் இருந்த டிரம்ப் வரவில்லை. குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தாலும் டிரம்ப் வேட்பாளரானால் ஆதரிப்பீர்களா என்று கேட்டபோது, ஆறு பேர் கை உயர்த்தினர்.

செப்டம்பர் 27 அன்று நடந்த இரண்டாம் விவாதத்தையும் அவர் புறக்கணித்தார். அன்றிரவு, வாகனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த மிச்சிகனில், தொழிற்சங்கமே இல்லாத உதிரிபாக ஆலையொன்றில் தொழிலாளர்களின் நண்பராக வேடமிட்டு உரையாற்றினார்.

மறுத்துக் கேட்க ஆளில்லாத இடமே அவர் தேர்ந்த மேடை. ஆயினும் 2024இல் அவரே வேட்பாளர். தலைவனைக் கேள்வி கேட்க இயலாத கட்சி, மக்களுக்கு எந்த ஜனநாயகத்தைத் தரும்?