மருந்து வந்தது, முதுமையும் வந்தது

மலையேறி வந்திருக்கும் மருத்துவர்களுக்கும், நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களுக்கும், ஜமுனாமரத்தூர் வட்டாரத்துச் செவிலியர்களுக்கும், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து உண்டு நலமாக வாழும் நண்பர்களுக்கும் என் வணக்கம். கடைசியாகச் சொன்னவர்கள் இந்த அவையில் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

எச்.ஐ.வி. கருத்தரங்கு என்றால் நகரத்து ஓட்டல்தான் என்ற வழக்கத்தை விட்டு, ஜவ்வாது மலையில் கூட்டியிருக்கிறார்கள். இந்த மலையில் நோய் மிகுதி என்று இதற்குப் பொருளில்லை. பத்திரிகை நண்பர்கள் அப்படி எழுதிவிடக் கூடாது. சிகிச்சை பெறுபவருக்குத் தூரம் என்றால் என்னவென்று நாம் கண்ணால் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பதற்காகவே இங்கே வந்திருக்கிறோம்.

இந்த மலைக்கும் இந்நோயின் வரலாற்றுக்கும் ஒரு பக்கத்து உறவும் உண்டு. 1986 ஜனவரியில் இம்மலையின் காவலூரிலுள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்குப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து வானியலாளர் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். அடுத்த மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் சொற்படி சேகரித்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார். சென்னையில் அன்று எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வசதியில்லை. மலைக்கு வடக்கே வேலூரில், சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில், ஆறு மாதிரிகள் மஞ்சளாகித் தொற்றைக் காட்டின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. அன்றைய தமிழக சுகாதார அமைச்சர் ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, இங்கே அது வர வழியே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. எங்கள் தலைமுறை மருத்துவர்கள் இறப்புச் சான்றிதழ் எழுதியே கை பழகினோம். மேலைநாடுகளில் மூன்று மருந்துக் கூட்டு 1996இலேயே வந்துவிட்டது. விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் சிப்லா நிறுவனம் அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைத்தது. தொடக்கத்தில் நாடு முழுவதும் எட்டே மையங்கள். அவற்றுள் ஒன்று நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்த நாளின் ஸ்டாவுடின் உயிரைக் காத்தது, ஆனால் கன்னத்தை ஒட்டச் செய்தது, பாதத்தை எரித்தது. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே ஊர் நோயைக் கண்டுபிடித்தது. எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான் பொதுவாக மருந்து என்று வேறு அன்று விதி. 2017இல் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்றானது. இன்று பெரும்பாலோர் உண்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை.

இதன் பலன் சாதாரணமானதல்ல. நோய் எதிர்ப்பாற்றல் குலையும் முன்பே தொடங்கி, விடாமல் உண்பவரின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிடுகிறது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவுவதில்லை. இந்த உண்மைக்கு வழி திறந்த 2011ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்வில் சென்னைத் தம்பதிகளும் பங்கேற்றார்கள் என்பதை நாம் உரக்கச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். மணமேடை வரை வந்து நின்றுபோன எத்தனையோ பேச்சுகளுக்கு இது பதில்.

ஆக, மருந்து வந்துவிட்டது. கூடவே முதுமையும் வந்துவிட்டது. இனி நம் வேலை அங்கேதான் என்பது என் கட்சி.

2004இல் முப்பது வயதில் மருந்து தொடங்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கிறார். அவருக்கும் சர்க்கரை வருகிறது, பிரஷர் வருகிறது, மூட்டு வலிக்கிறது. மற்றவர்களைவிட அவருக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல்; 12 நாடுகளில் ஏறத்தாழ 7,800 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஒரு கொழுப்புக் குறைப்பு மாத்திரை பெரிய இதயப் பாதிப்புகளை 35 விழுக்காடு குறைத்தது. டெனோஃபோவிர் உண்பவரின் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உணவைப் பற்றி நாம் ஒரு காலத்தில் ஆப்பிளும் முட்டையும் அடங்கிய அச்சடித்த தாளைக் கொடுத்தோம். சாமை விளையும் மலைக்காரரிடமும் அதையே நீட்டினோம். அவர் சிரிக்காமல் வாங்கி மடித்துக்கொண்டார், மரியாதை தெரிந்தவர்.

இந்த மற்ற நோய்களின் மருந்துகளில்தான் ஒரு சிக்கல். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம், மலைக்கு இன்னும் நல்லது. ஆனால் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தரும் பெண் தன்னார்வலருக்கு, அந்த வீட்டு அடுக்குப் பானைக்குள் இன்னொரு குப்பி இருப்பது தெரியாது. டோலுடெகிராவிர், மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் உயர்த்தும். இரண்டையும் உண்பவருக்கு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமுக்குள் நிற்பது நல்லது. கர்ப்பிணிக்குக் கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் வெறும் வயிற்றில் சேர்ந்துபோனால் டோலுடெகிராவிர் உடலில் சேர்வது குறையும்; சாப்பாட்டோடு சேர்த்து உண்ணலாம், இல்லையேல் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெகிராவிர். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெகிராவிரை இரு வேளையாக்க வேண்டும். இத்தனை மருந்துகளும் பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் மாதிரி ஒரே வீட்டில் இருக்கின்றன.

பேச வைக்கலாமே, எல்லாக் கணினியையும் இணைத்துவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஒருவரின் தொற்றை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம்; 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும். இருபது வீடுள்ள ஒரு மலைக்கிராமத்தில் ஒரு பதிவேட்டில் ஏறும் செய்தி மாலைக்குள் எங்கே போய்ச் சேரும் என்று இங்குள்ள செவிலியர்களைக் கேளுங்கள்.

நோயை ஊரிடமிருந்து மறைப்பது எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை ஒரு குப்பியை வைத்துச் சொல்கிறேன். முப்பது மாத்திரை அடங்கிய பிளாஸ்டிக் குப்பி பேருந்தில் குலுங்கினால் சத்தம் கேட்கும். ஆகவே சீட்டைக் கிழித்துவிட்டு, உள்ளே பஞ்சை அடைப்பார்கள். சிலர் மாத்திரையைக் காகிதத்தில் கொட்டிச் சுருக்குப்பையில் முடிந்துகொள்வார்கள். ஈரத்தை இழுக்கும் சிறு பொட்டலம் குப்பியோடு குப்பைக்குப் போய்விடும். மார்கழிப் பனியில் மாத்திரை நசநசத்துவிடும். குப்பியை மாற்றாதீர்கள் என்று நாம் சொல்கிறோம். சத்தத்தை என்ன செய்வது என்று சொல்வதில்லை.

எனவே மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் என்ற அறிவை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவோம் என்கிறேன். யார் புதிய மாத்திரை தந்தாலும், குறிப்பாகச் சர்க்கரைக்கு, ரத்தசோகைக்கு, காசநோய்க்கு, முதல் வேளைக்கு முன், கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மைய ஆலோசகருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாய்ப்பாடமாக வைத்துக்கொள்ளக்கூடியது இது. அழைப்பை எடுக்க அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும். அது நம் பொறுப்பு.

இன்னொன்று, மருந்துக்காக மலையிலிருந்து கீழிறங்கும் பயணம். காலையில் புறப்பட்டவர் இருட்டியபின் வீடு சேர்கிறார், ஒரு நாள் கூலி போகிறது. வைரஸ் அளவைப் பார்க்கும் வைரல் லோடுக்கு ஒரு நாள், சர்க்கரைக்கு ஒரு நாள், சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினினுக்கு ஒரு நாள் என்று அலைக்கழிக்கலாமா? ஒரே நாளில், ஒரே ஊசிக்குத்தில் எடுத்து முடியுங்கள். நிலையாக இருப்பவருக்குப் பல மாத மருந்தைச் சேர்த்துக் கொடுங்கள். காப்பித் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போகும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் மாதாமாதம் வா என்பது, மருந்தை நிறுத்து என்று சொல்வதற்குச் சமம்.

இதற்கு முன் பல கருத்தரங்குகளில் ஆலோசகர்களுக்கு உணவு இடைவேளைக்குப் பிந்திய, பாதிப்பேர் கண்ணயரும் அமர்வே கிடைத்திருக்கிறது. தலைவர் என்ற உரிமையில் நிகழ்ச்சி நிரலை மாற்றியிருக்கிறேன். முதல் அமர்வு அவர்களுடையது. பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். மாலையில் மலையிறங்க வேண்டியவர்கள் பலர் இருப்பதால் யாருக்கும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.