இல்லத்து இணையமும் பங்கீட்டு நெறியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



ஒரே நூலைப் பலர் கைமாற்றிப் படித்து முன்னேறியவர்கள் நாம். இன்று பாடக்குறிப்புகளும் சொற்பொழிவு ஒலிப்பதிவுகளும் கோப்புகளாகி வீட்டுக்கு வீடு செல்கின்றன. பகிர்தல் நன்று. ஆயினும் அண்ணன் கோப்பு பகிரும் வேளையில் தங்கையின் இணையவழித் தேர்வு அறுந்துபோகுமானால், அப்பகிர்வு கல்விக்குத் துணையாகுமா? இதனையே இன்று ஆராய விழைகிறோம்.

2001ஆம் ஆண்டு அமெரிக்கரான பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டோரன்ட் முறையில், கோப்பைப் பெறுகின்றவரே அதனைப் பிறருக்கு வழங்குபவராகவும் ஆகிறார். நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் பதிவிறக்க வழி அகலமானது; பதிவேற்ற வழி குறுகியது. அக்குறுகிய வழி நிறைந்துவிட்டால் பதிவிறக்கமும் தளரும். ஏனெனில், ‘வந்து சேர்ந்தது’ என்னும் ஒப்புகை அவ்வழியேதான் திரும்ப வேண்டும்.

தெருக்குழாயடியை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இருபது குடங்களை வரிசையில் வைத்துவிட்டால், ஒரு செம்போடு வந்த சிறுமியும் அத்தனை குடங்கள் நிறையும்வரை நிற்க வேண்டும். ரவுட்டருக்குள் நேர்வதும் இதுவே.

1986ஆம் ஆண்டு அமெரிக்காவில், பெர்க்லி ஆய்வகத்திற்கும் அருகிலேயே இருந்த பல்கலைக்கழகத்திற்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட் சென்ற வழியில் நெரிசலால் வெறும் 40 பிட் மட்டுமே சென்றது. நெரிசலை உணர்ந்ததும் அனுப்புபவர் பின்வாங்க வேண்டும் என்னும் தீர்வை 1988இல் வான் ஜேக்கப்சன் விளக்கினார். முந்துவோர் பெருகினால் எவரும் போய்ச் சேரார் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, அளத்தல். செல்பேசிக் கோபுரத்தைப் பலர் பங்கிடுவதால் வேகம் வேளைக்கு வேளை மாறும். எனவே காலை, மாலை, இரவு என ஒரு வாரம் பதிவேற்ற வேகத்தைக் குறித்து வையுங்கள். அவற்றுள் மிகக் குறைந்ததையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். இணைய நிறுவனங்கள் மெகாபிட்டில் பேசுகின்றன. பகிர்வு நிரல்கள் பெரும்பாலும் கிலோபைட்டில் கேட்கின்றன. 8 பிட் கொண்டது 1 பைட். ஆகவே 2 மெகாபிட் என்பது 250 கிலோபைட். அதில் ஐந்தில் நான்கு பங்கான 200ஐப் பதிவேற்ற வரம்பாக இடுக.

இரண்டாவது, காலம் வகுத்தல். வீட்டார் உறங்கும் பின்னிரவில் மட்டும் வரம்பை உயர்த்தக் கால அட்டவணை இடும் வசதி பல நிரல்களில் உண்டு. வகுப்பும் தேர்வும் நடக்கும் நேரத்தில் பகிர்வை நிறுத்தி வையுங்கள்.

மூன்றாவது, தாமதத்தைக் கவனித்தல். பிட்டோரன்ட் நிரல்களில் உள்ள மைக்ரோ டிரான்ஸ்போர்ட் நெறி, காத்திருப்பு நேரம் ஏறுவதை உணர்ந்து தானே பின்வாங்கும். அதற்கு அடிப்படையான முறை 2012இல் இணையப் பொதுக்குறிப்பாக வெளிவந்தது. வரிசைத் தாமதத்தின் இலக்கு 100 மில்லிவிநாடியை விஞ்சலாகாது என அது விதித்தது. வேகம் நிலையற்ற இணைப்பிற்கு இது பெருந்துணை. அதனை அணைத்து வைக்காதீர்கள்.

நான்காவது, ரவுட்டரிலேயே முறைவைத்தல். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் இலவச மென்பொருள் ஏற்கும் ரவுட்டர்களில், ஒவ்வொரு தரவோட்டத்திற்கும் முறைவைத்து வழிவிடும் ஏற்பாடு உண்டு. ஆளுக்கொரு குடம் என்று குழாயடியில் முறை வகுப்பது போன்றது அது. செம்போடு வந்த சிறுமி நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. அங்கும் நாம் அளந்த குறைந்த வேகத்தையே எல்லையாக இட வேண்டும்.

இளைஞர்களே! பகிர்வதற்கு உரிமை உள்ள நூல்களையே பகிருங்கள், அளவறிந்து பகிருங்கள். வரிசையில் எல்லார்க்கும் முறை வேண்டும் என்று பொதுவிடத்தில் கேட்கும் நாம், அந்த நீதியை முதலில் நம் வீட்டுக்குள் நிலைநாட்டுவோம். தங்கையின் தேர்வு தடையின்றி முடியட்டும். நூல் நள்ளிரவில் வந்து சேரட்டும். வாழ்க கல்வி!