மனித உரிமை ஆணையமும் நாமும்



இலக்கியம் பேசும் இம்மேடையில் நகர நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாம் வாழும் சியாட்டில் மாநகரின் மனித உரிமை ஆணையத்தில் தொண்டாற்ற நம்மில் சிலரேனும் முன்வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கான காரணத்தை இந்நகரின் வரலாறே சொல்லும்.

இன்று நாம் விரும்பிய தெருவில் வீடு வாங்குகிறோம். ஒரு காலத்தில் இங்குப் பல பகுதிகளின் மனைப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்னும் நிபந்தனை இருந்தது. கறுப்பின மக்களோடு ஆசியரையும் விலக்கிய நிபந்தனை அது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என 1948-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வழக்கம் மாறவில்லை.

1963-ஆம் ஆண்டில் நகர மனித உரிமை ஆணையம் அமைந்தது. பன்னிரண்டு இடங்களில் இரண்டே கறுப்பினத்தவர்க்கு ஒதுக்கப்பட்டமை கண்டு, இளைஞர்கள் மேயரின் அலுவலகத்திலேயே அமர்ந்து அறப்போர் செய்தனர். குறை கேட்கும் அவையில் குறையுற்றவர்க்கு இடம் எங்கே என்பதே அப்போரின் உட்கிடை.

அவ்வாணையம் வீட்டுரிமைச் சட்டத்திற்கு வரைவு தந்தது. 1964 மார்ச்சில் அது பொது வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 1,15,627 வாக்குகளும் ஆதரவாக 54,448 வாக்குகளும் விழுந்தன. அத்தோல்விக்குப் பின்னும் முயற்சி ஓயவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968 ஏப்ரலில், நகர மன்றத்தின் முதற் கறுப்பின உறுப்பினரான சாம் ஸ்மித் முன்னின்று கொணர்ந்த சட்டம் நிறைவேறியது. நாம் குடியிருக்கும் வீடுகளின் கதவு அவ்வாறுதான் திறந்தது. அதைத் திறந்தவர் நாம் அல்லர்.

அன்பர்களே, இக்கடன் ஒருபுறமிருக்க, நம்மை நேரே தொடும் செய்தி ஒன்றுண்டு. 2023 பிப்ரவரி 21 அன்று, சாதியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமாயிற்று சியாட்டில். ஆதரித்தும் எதிர்த்தும் பேசியோரில் நம் நாட்டவர் பலர். சட்டம் ஏட்டில் ஏறிவிட்டது. அதன் பொருளறிந்து குறை கேட்போர் வேண்டுமன்றோ?

"உங்களுக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? தகப்பனார் என்ன தொழில் செய்தார்?" உணவு மேசையில் எழும் இவ்வினாக்கள் அமெரிக்கர் செவிக்கு நல விசாரிப்பாகவே ஒலிக்கும். அடுத்த வினா எதை நோக்கி வரும் என்பதை நாம் அறிவோம். கேட்கப்பட்டவர் ஏன் தலை குனிந்தார் என்பதையும் அறிவோம். ஒரு சொல்லின் குறிப்புப் பொருளை மணிக்கணக்கில் ஆராயும் இவ்வட்டத்தினர்க்கு இது தெரியாதா?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நம்மவர்க்கு வழக்காட எண்ணி எவரும் அங்குச் செல்லலாகாது. பிறர் நம்மை இழிவு செய்த குறையைக் கேட்பது எளிது. நம்மவருள் ஒருவரே மற்றொருவரை இழிவு செய்தார் என்னும் குறையை முகம் சுளிக்காமல் கேட்பதே அரிது. நம் சமூகத்தின் பெயர் கெடுமே என்று அஞ்சுபவர், அக்குறையைச் சொல்ல வந்தவரை இரண்டாம் முறை தண்டிப்பவராவார். தம் சாதியையும் அச்சத்தையும் வாயிலிலேயே விட்டுச் செல்ல வல்லவரே அவ்விருக்கைக்கு உரியவர்.

இப்பணிக்கு ஊதியமில்லை, தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. மேயருக்கும் நகர மன்றத்துக்கும் அறிவுரை கூறுவது, கூட்டங்களுக்குத் தவறாது செல்வது, ஆவணங்களைப் பொறுமையாகப் படிப்பது, வந்தவர் சொல்வதை இடைமறியாது கேட்பது, இவையே வேலை. புகழ் தேடுவோர்க்கு இது ஏற்றதன்று. உழைத்துக் களைத்த மாலைப் பொழுதுகளில் சிலவற்றை இதற்கென ஒதுக்க இயலுமா என்பதே உங்கள் முன் நான் வைக்கும் வினா.

பத்தாண்டுகள் நாம் தமிழால் கூடினோம். பதினோராம் ஆண்டில் இவ்வட்டத்திலிருந்து ஒரு விண்ணப்பமேனும் நகர மன்றத்துக்குச் செல்லட்டும் என வேண்டி அமைகிறேன்.