யாழ்ப்பாணம் தந்த பதில்



மதமாற்றம் என்ற பேச்சு எழுந்தால் உடனே இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பது. இன்னொன்று, மாறியவர்கள் எல்லாம் சோற்றுக்கு மாறியவர்கள் என்பது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, இரண்டே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. இலங்கையிலும் 2004-ல் இப்படியொரு மசோதா கொண்டுவரப்பட்டது. இந்த இரண்டு குரல்களுக்கும் அப்பால், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மக்கள் மதப்பிரசாரத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க மிஷனரிகள் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையில் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஞானஸ்நானம் அந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். ஊரின் பெரிய குடும்பங்களே அப்போது திருமுழுக்குப் பெற்றன. வீட்டுக்குள் சைவமாகவே இருந்தன. ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் தளர்ந்ததும் பெரும்பாலோர் வெளிப்படையாகவே கோயிலுக்குத் திரும்பினார்கள். நாற்காலிக்காக மாறிய அந்தக் கனவான்களை யாரும் சோற்றுக் கிறிஸ்தவர் என்று ஏசியதில்லை. ஏச்செல்லாம் பின்னால் வந்த ஏழைக்குத்தான். இந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கர்களிடம் அதிகாரம் இல்லை. பள்ளிக்கூடம் இருந்தது. 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் இலக்கணம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் விரும்பிய பெயர் பிள்ளைக்கு வைக்கப்படும். சேத் பேசன், ஹென்றி மார்ட்டின் என்ற பெயர்களில் தமிழ்ப் பிள்ளைகள் வளர்ந்தது இப்படித்தான். அவர்கள் இருவரும் 1841-ல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகைக்கு ஆசிரியர்களானார்கள். 1829-ல் ஒரு சந்திரகிரகணம் வந்தபோது, உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் கணிப்பில் பிழை இருப்பதாக செமினறித் தலைவர் டானியல் பூவர் முன்கூட்டியே சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. பஞ்சாங்கம் பொய்த்தால் சமயமும் பொய்த்துவிடும் என்று மிஷனரிகள் எதிர்பார்த்தார்கள்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. கணிதத்தை எடுத்துக்கொண்டது, ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டது, விபூதியையும் விடவில்லை. பிள்ளைகள் படித்துவிட்டு உத்தியோகம் தேடிப் போகிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை என்ற குறை அமெரிக்காவிலிருந்த தலைமைச் சபை வரைக்கும் போனது. 1855-ல் செமினறியை மூடினார்கள். அங்கே படித்தவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர்தான் பின்னாளில் சைவராகத் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். அந்த மனிதரை ஏமாந்தவர் என்றோ விலைபோனவர் என்றோ யார் சொல்ல முடியும்?

இனி நல்லூர் ஆறுமுக நாவலர். 1822-ல் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் வருடக்கணக்கில் துணைநின்றார். நெற்றியில் விபூதியோடுதான் அந்த வேலையைச் செய்தார். பாதிரியாரும் அதைப் பொறுத்துக்கொண்டார். இருவருக்கும் இதில் பெருமை உண்டு என்பது என் எண்ணம்.

மிஷனரிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை உள்ளிருந்தே கண்டவர் நாவலர். 1847 டிசம்பர் 31-ல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சென்னையிலிருந்து அச்சியந்திரம் தருவித்தார். பாலபாடம், சைவ வினாவிடை, வசன நடையில் பெரியபுராணம் என்று புத்தகங்கள் வெளிவந்தன. மிஷனரிகளின் கண்டனங்களுக்கு மறுப்பாக 1854-ல் ‘சைவதூஷணபரிகாரம்’ வந்தது. பிரசங்கம், பள்ளிக்கூடம், வினாவிடை, துண்டுப்பிரசுரம் என எல்லாமே மிஷனரிகள் கையாண்ட வழிகள். யாரையும் அடிக்காமல், யார் வீட்டையும் எரிக்காமல், படிப்புக்குப் படிப்பாலே பதில் சொன்னார். நாம் இன்று வாசிக்கும் தமிழ் உரைநடைக்கே அதனால் ஒரு தெளிவு கிடைத்தது.

ஆனால் நேயர்களே, அந்தப் பதில் எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. நாவலர் சாதி ஆசாரத்தை விட்டுக்கொடுக்காதவர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அவர் வழிவந்த சைவக் கல்வியின் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. மிஷன் பள்ளிகளும் இதில் தடுமாறியவைதான். மேல்சாதிப் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் பாதிரிமாருக்கும் இருந்தது. ஆனாலும் எழுத்தறிவு வேண்டிய ஒரு தகப்பனுக்குப் போக இருந்த இடம் அதுதான். அவர் கிறிஸ்தவத்துக்கு மாறினால், தன் பிள்ளைக்காக நன்றாக யோசித்தே மாறினார். அந்த யோசனையை மதிக்காமல் மதமாற்றத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

1929-ல் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்காரலாம் என்ற உத்தரவு வந்தபோது, அதை எதிர்த்துச் சில பள்ளிகளுக்குத் தீ வைத்தவர்கள் பாதிரிமார் அல்லர். பின்னாளில் ஒடுக்கப்பட்டோரில் ஒரு பகுதியினர் பௌத்தத்தின் பக்கம் போய், யாழ்ப்பாணத்திலேயே பௌத்த பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அப்போது சமயம் போய்விட்டதே என்று பதறியவர்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாதபோது எங்கே இருந்தார்கள்?

1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தார் போராடினார்கள். அவர்கள் வேறு மதம் தேடி வந்தவர்கள் அல்லர். உள்ளே போய் முருகனைக் கும்பிடும் உரிமையைக் கேட்டார்கள். அவர்களை வாசலில் மறித்து அடித்து விரட்டியவர்கள் சைவர்கள்.