முப்பத்தாறு என்றால் எவ்வளவு வெயில்?

("அன்றாட வெயிலைச் சொல்ல ஏற்றது செல்சியசா, பாரன்ஹீட்டா?" என்னும் தொலைக்காட்சிக் கருத்தரங்கில், செல்சியஸ் அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆயுளில் பாதியைப் பால்மரம் வெட்டியே கழித்த ஒரு தாய் அங்கே தனியாக இருக்கிறார். தோட்டம் கைமாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் கோலாலம்பூரில். நண்பகல் தாண்டி மகன் தொலைபேசியில் அழைக்கிறான்.

"அம்மா, அங்கே முப்பத்தாறு டிகிரியாம். வெளியே போகாதீங்க."

"முப்பத்தாறுதானேப்பா? வேலூர்ல நூத்தியாறுன்னு செய்தியில சொன்னாங்க. இதெல்லாம் ஒரு வெயிலா?"

சொல்லிவிட்டு அந்தத் தாய் கொல்லையில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியுமா? தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ஓடும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். இந்திய வானிலைத் துறை வெப்பநிலையைச் செல்சியசில்தான் தருகிறது. ஆனால் அங்குள்ள தமிழ் ஏடுகளும் தொலைக்காட்சிகளும் அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றி, "வெயில் சதமடித்தது" என்று சொல்வது வழக்கம். அந்தச் சதம் எவ்வளவு? செல்சியசில் 37.8. வேலூரின் நூற்றாறு என்பது 41. அம்மா அலட்சியப்படுத்திய முப்பத்தாறு, பாரன்ஹீட்டில் ஏறத்தாழ 97. வேலூருக்கும் அந்தக் கொல்லைக்கும் எழுபது டிகிரி வித்தியாசம் இல்லை. செல்சியசில் வெறும் ஐந்துதான்!

எதிரணி நண்பர்கள் இரண்டு வலுவான வாதங்களை வைத்தார்கள். ஒன்று, பாரன்ஹீட்டில் படிகள் அதிகம் என்பது. உண்மைதான். ஈப்போவில் விடியற்காலை 24, பிற்பகல் 33 என்றால் செல்சியசில் ஒன்பது படிகள், பாரன்ஹீட்டில் பதினாறு. ஆனால் ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடியதை உடம்பு உணர்ந்து சொல்லுமா? குடை எடுப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்ய அவ்வளவு நுணுக்கம் தேவையா?

இரண்டாவது, பாரன்ஹீட் மனித உடம்பை வைத்துப் பிறந்த அளவு என்பது. இதிலும் பாதி உண்மை இருக்கிறது. டேனியல் பாரன்ஹீட் 1724இல் தம் அளவை வெளியிட்டபோது, பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் கலந்த கலவையின் குளிரைச் சுழியம் என்றார். உடற்சூட்டை 96 என்றார். பிறகு அளவு திருத்தப்பட்டு, உடற்சூடு 98.6 ஆனது. செல்சியசின் கதையிலும் வேடிக்கை உண்டு. 1742இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் நீர் கொதிக்கும் நிலையைச் சுழியம் என்றும், உறையும் நிலையை நூறு என்றும் வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகுதான் அது இன்றுள்ளபடி தலைகீழாக மாறியது. ஆக, இரண்டுமே மனிதர் வகுத்துத் திருத்திய அளவுகள். எதுவும் வேதவாக்கு அல்ல.

அப்படியானால் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? ஆபத்து வரும்போது அபாயச் சங்கு எந்த மொழியில் ஊதுகிறதோ, அந்த மொழி வீட்டில் உள்ள எல்லோருக்கும் புரிய வேண்டும். அதுதான் இந்த அணியின் வாதம்.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தை ஒட்டி மெட்ரிக் முறை வந்தது. பவுண்டு கிலோவானது, மைல் கிலோமீட்டரானது. இன்று மலேசிய வானிலைத் துறையின் வெப்ப எச்சரிக்கையும் செல்சியசில்தான். தொடர்ந்து மூன்று நாள் பகல் வெப்பம் 35இலிருந்து 37 வரை இருந்தால் முதல் நிலை. 37க்கு மேல் 40 வரை போனால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40ஐயும் தாண்டினால் மூன்றாம் நிலை. இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. 2016 ஏப்ரலில் கடும் வெயில் காரணமாகப் பெர்லிஸ், கெடா பள்ளிகள் மூடப்பட்டன.

"தோட்டத்தில் யார் டிகிரி பார்த்தார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடியுமுன் பெரட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். ஏன் அந்த அவசரம்? இரவெல்லாம் மரம் நீரை நிரப்பிக்கொள்கிறது. அழுத்தம் கூடியிருப்பதால் வெட்டியதும் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் ஆவியாகி, பால் சுண்டிவிடும். மரமே அவர்களுக்கு வெப்பமானி.

ஆனால் இன்று அந்த மரம் இல்லை, அந்த நிழல் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணி. உடம்புக்கோ வயதாகிவிட்டது. வயது ஏற ஏறத் தாக உணர்வு குறையும் என்பது மருத்துவர்கள் சொல்லும் உண்மை. உடம்பு சொல்லத் தவறுவதை எண்தான் சொல்ல வேண்டும்.

எண் மட்டும் போதுமா? போதாது. பேராக்கில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் காயாது. அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைப்படி, 90 டிகிரி பாரன்ஹீட் வெயிலில் ஈரப்பதம் 70 விழுக்காடு இருந்தால், உடம்பு உணர்வது ஏறத்தாழ 105. செல்சியசில் 32 டிகிரி, 41 போலச் சுடும். ஆகவே இந்த மண்ணின் முப்பத்தாறு சிறிய எண் அல்ல.

பெரியவர்களுக்கு இதை எப்படிப் புரிய வைப்பது? அவர்களுக்குத் தெரிந்த காய்ச்சல் கணக்கிலேயே வழி இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் வாயில் வைத்த கண்ணாடிக் குழாயை யார் மறப்பார்? அதில் 98.6 என்றால் நல்ல உடம்பு. 104 என்றால் ஆபத்து. அந்த 98.6தான் செல்சியசில் 37. அந்த 104தான் 40. வெயிலின் இரண்டாம் நிலை தொடங்கும் இடமும் உடற்சூடும் ஒன்றே! வெளிக்காற்று உடம்பின் அளவுக்குச் சூடாகிவிட்டால், உடம்பு தன் சூட்டைக் காற்றிடம் தள்ள முடியாது. வியர்வை ஒன்றுதான் வழி. அதுவும் காயாவிட்டால் உள்ளே சூடு ஏறும். உடற்சூடு 40ஐ எட்டி, பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

மாற்றிச் சொல்லக் கணக்கு வேண்டுமா? செல்சியசை இரட்டியுங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32ஐக் கூட்டுங்கள். 35 இரட்டித்தால் 70, ஏழு போனால் 63, முப்பத்திரண்டு சேர்ந்தால் 95. பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்க இது போதும்.

நடுவர் அவர்களே, பாரன்ஹீட்டை யாரும் பகைக்க வேண்டாம். காய்ச்சலுக்கு அது வீட்டில் இருக்கட்டும். வாசலுக்கு வெளியே உள்ள வெயிலுக்கு மட்டும் செல்சியஸ் வரட்டும். நாளைக்கு அந்த மகன் அழைக்கும்போது, "முப்பத்தாறு" என்று மட்டும் சொல்லாமல், "அம்மா, உடம்புச் சூடு முப்பத்தேழு, வெளியே முப்பத்தாறு ஆயிருச்சு" என்று சொல்லட்டும். அந்தத் தாய் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு நிழலுக்கு வருவார். கீரைக்குச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.