நர்ஸ் படிப்புக்குப் பின் எத்தனை பாதை!



நமது அரக்கோணம் ஒரு சந்திப்பு. சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. ஆனால் நம் வீட்டுப் பெண் நர்ஸ் படிப்பு முடித்து வந்தால் நாம் காட்டும் பாதை இரண்டுதான்: பக்கத்துத் தெரு நர்சிங் ஹோம், இல்லாவிட்டால் அரபு நாடு.

நானும் நர்சிங் ஹோமில்தான் ஆரம்பித்தேன். சேர்ந்த அன்றே என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ரயில்வே வேலைக்கு மனுப் போட வேண்டிய வாரத்தில் அவை கிடைக்கவில்லை. ஒரு வருடம் வீணாயிற்று. ஆகவே பிள்ளைகளே, நகலைக் கொடுங்கள், அசலை வீட்டில் வையுங்கள்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தொடங்கிய நர்சிங் பள்ளி, 1946-இல் பட்டம் தரும் கல்லூரியாயிற்று. அதே சி.எம்.சி. 2022-இல் நம் ராணிப்பேட்டை மாவட்டத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்தது. இத்தகைய இடங்களில் 'நர்ஸ்' என்ற ஒரே வேலை கிடையாது. தீவிர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தை, புற்றுநோய், மனநலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. மூன்று வருட டிப்ளமோ முடித்துப் பதிவு செய்தவர்களும் ஓராண்டுச் சிறப்பு டிப்ளமோவில் சேரலாம். இரண்டாண்டு படித்து பி.எஸ்ஸி. பட்டமும் வாங்கலாம். பட்டதாரிகளுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்களோடு சேர்ந்து பொறுப்பேற்கும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' மேற்படிப்பு வந்துள்ளது. ஆசிரியையாக விரும்புவோர் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். (பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மூலையில் கூச்சப்பட்டு நிற்க வேண்டாம்.)

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், ரயில்வே, எய்ம்ஸ் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். ராஜாளி கடற்படை விமானதளம் 1992 முதல் நம் ஊரில் இருக்கிறது. ஆனால் ராணுவ நர்சிங் பணிக்குப் போகும் பெண், லெப்டினன்ட் என்ற அதிகாரியாகவே நுழைகிறாள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெளிநாடு போவதை நான் தடுக்கவில்லை. நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் கொடுக்குமுன், 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். இங்கே ஒரு பிரிவில் இரண்டு வருடமாவது நிலைத்து வேலை செய்து, அனுபவச் சான்றிதழோடு போங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நான் பள்ளி வராந்தாவில் இருப்பேன். மனு எழுதத் தெரியாதவர்கள் பேனாவோடு வாருங்கள்.