மீட்டர் படிக்க எந்த கேமரா வாங்கலாம்?

(நெய்வேலி நகரியத்தில் மாணவர்கள், பெற்றோர் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

உங்க எல்லார் கையிலயும் நல்ல கேமரா உள்ள செல்போன் இருக்கு. அப்புறம் ராஸ்பெரி பை மாதிரி ஒரு சின்ன கணினிக்குத் தனியா எதுக்குங்க கேமரான்னு கேட்பீங்க. எங்க வீட்டுலயும் இதைத்தான் கேட்டாங்க.

எங்க வீடு மந்தாரக்குப்பத்துல. மின்வாரிய இணைப்பு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. கீழ் அடுக்குல கிடைக்கிற குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போயிடும். போன கோடையில எனக்கு 508 வந்துச்சு. ரெண்டு ராத்திரி ஏசியை நிறுத்தியிருந்தா தப்பிச்சிருப்பேன். அதனால தினமும் காலையில மீட்டரைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்புற மாதிரி ஒண்ணு செய்ய நினைச்சேன்.

முதல்ல வாங்கினது 2016-ல வந்த 8 மெகாபிக்சல் இரண்டாம் பதிப்பு. மீட்டருக்கு முன்னால 15 சென்டிமீட்டர் தள்ளி வச்சேன். எண் எல்லாம் புகை மாதிரி தெரிஞ்சுது. கேமரா கெட்டுப் போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். தப்பு என் மேலதான். அது தூரத்துக்குன்னு ஃபோகஸ் நிறுத்தி வச்ச லென்ஸ். கிட்டத்துல இருக்கிற எழுத்து அதுக்குத் தெரியாது. சின்ன பிளாஸ்டிக் வளையத்தால லென்ஸைத் திருகிச் சரி பண்ணலாம்தான். ஆனா ஒரு இழை கூடிட்டாலும் மறுபடி மங்கும்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்காதீங்க, தூரத்தைப் பார்த்து வாங்குங்க. 2023-ல வந்த மூன்றாம் பதிப்புல ஆட்டோஃபோகஸ் இருக்கு. சாதாரண வகை சுமார் 10 சென்டிமீட்டர் வரை கிட்டப் பார்க்கும். அகலக் கோண வகை முற்றத்துக்கும் மாடிக்கும் நல்லது, மீட்டருக்குத் தேவையில்லை. லென்ஸ் தனியா மாட்டுற பெரிய கேமரா 2020-ல வந்தது. பறவை பார்க்கிறவங்களுக்கு அது சரி, லென்ஸ் காசும் சேர்ந்துக்கும்.

இருட்டுல எடுக்கணும்னு அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத வகையைப் பலர் சொல்வாங்க. மீட்டருக்கு வேண்டாம். எல்சிடி திரையில இருக்கிற எண்கள் அகச்சிவப்பு வெளிச்சத்துல மங்கிப் போகும். அதுக்குப் பதிலா ஒரு சின்ன வெள்ளை எல்இடி போதும். நேரா அடிக்காம பக்கவாட்டுல வைங்க, இல்லேன்னா கண்ணாடியில பளபளப்புதான் தெரியும்.

ஃபோகஸ் தினமும் தேடித் தடுமாறாம ஒரே இடத்துல பூட்டி வச்சுடலாம். மீட்டர்ல தூரத்தைச் சொல்லி 1-ஐ அதால வகுங்க: 20 சென்டிமீட்டர்னா 0.2 மீட்டர், விடை 5. அந்த எண்ணைக் கட்டளையில லென்ஸ் நிலைன்னு கொடுத்தா போதும்.

இன்னொண்ணு, கேபிள். ராஸ்பெரி பை 5-லயும் ஸீரோவிலயும் கேமரா வாய் சின்னது, 22 முனை. கேமராவுல 15 முனை. ஒரு பக்கம் சின்னது, மறு பக்கம் பெரிசுன்னு உள்ள கேபிள் கேட்டு வாங்குங்க. கரண்ட் நிறுத்திட்டுத்தான் மாட்டணும்.

வாங்குறதுக்கு முன்னாடி காசில்லாத ஒரு சோதனை. காலையில 6 மணிக்குப் போனை அந்த இடத்துலயே பிடிச்சு ஒரு படம் எடுங்க. எண் தெரியலைன்னா வெளிச்சமோ கோணமோ தப்பு. எந்த கேமராவும் அதைச் சரி செய்யாது.

மீட்டர் பெட்டியைத் திறக்காதீங்க, சீலைத் தொடாதீங்க, கேமரா வெளியிலதான். அண்டை வீட்டு வாசல் படத்துல விழக்கூடாது. முதல் வேலையா கடவுச்சொல்லையும் மாத்துங்க. நம்ம சுரங்கம், அனல்மின் நிலையம் பக்கம் கேமராவைக் காட்டுற விளையாட்டே வேண்டாம் தம்பிகளா, அங்க மத்திய தொழில் பாதுகாப்புப் படை காவல்.

இந்த ரெண்டு மாசம் எனக்கு 471 யூனிட். பழைய 8 மெகாபிக்சல் கேமராவையும் தூக்கிப் போடலை. மாடியில ஒன்றரை மீட்டர் தள்ளி வச்சு, தண்ணித் தொட்டி மட்டத்தைக் காட்டிக்கிட்டிருக்கு. அந்தத் தூரத்துக்கு அது தெளிவா பார்க்குது.